கல்லாகிப் போன நகர்மன்றம்

நகராட்சித் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுக்க முடியாத மறைமுகத் தேர்தலைப் பற்றிக் காரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முழங்கால் விடமாட்டேன் என்கிறது. நேற்று ராத்திரி தெருமுனை வடிகாலின் திறப்பு விழாக் கல்வெட்டில் இடித்துக்கொண்டேன். வடிகால் இரண்டடி அகலம். கல்வெட்டு நாலடி.

கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. உச்சியில் திருவள்ளுவர் ஆண்டு 2055. அப்புறம் தலைமை, முன்னிலை, திறந்து வைத்தவர், நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர், ஆணையாளர், பொறியாளர். நான் தேடிய கான்ட்ராக்டர் பேர் மட்டும் இல்லை.

பக்கத்திலேயே முந்தைய கட்சியின் கல். அதன்மேல் காதணி விழா போஸ்டர். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே கிடையாது. தனி அலுவலர்கள் ராஜ்ஜியம். அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்கூட முளைக்கவில்லை. நிம்மதியாக நடந்தோம். பிறகு 21 மாநகராட்சிகளும் திமுக அணிக்குப் போயின; கும்பகோணத்தில் மட்டும் காங்கிரஸ் மேயர். எங்கள் நகராட்சியும் அதே காற்றில் கைமாறியது. கல்தச்சருக்கு அடித்தது யோகம்.

தண்ணீர்த் தொட்டிக்கு அவர்கள் அடிக்கல், இவர்கள் திறப்புக் கல். ஒழுகும் தொட்டி இரண்டையும் பாரபட்சமில்லாமல் கழுவுகிறது. நிழற்குடையில் உட்காரும் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டதால் பாட்டிமார் அதில் சாய்ந்து நிற்கிறார்கள். கழிப்பறைக்குக் கதவு போயிற்று, கல் இருக்கிறது. ஹைமாஸ் விளக்குக்கும் கல் உண்டு. விளக்கு எரிந்தால் படிக்கலாம். எரிந்திருந்தால் என் முழங்காலும் தப்பியிருக்கும்.

மறைமுகத் தேர்தலுக்கு வருகிறேன். அதற்குமுன், கவுன்சிலரம்மாவுக்கு போன் போட்டதைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. ஆகவே எடுத்தவர் வீட்டுக்காரர்.

“கல்ல எடுக்க முடியாது சார், அமைச்சர் தொறந்தது. வேணும்னா பக்கத்துல ஒரு லைட்டு போட்டுத் தரேன்.”

“அதுக்கும் கல்லு வைப்பீங்களா?”

“வைக்காம? கோரிக்கை வச்சவர்னு உங்க பேரையும் போட்டுருவோம் சார்.”

எத்தனையாவது வரியில் என்று கேட்டேன்.