சண்டை விளையாட்டுக்குப் புள்ளியிடுவோரின் ஞானம்: ஓர் அளவையியல் விசாரணை

கந்தபுராணப் படிப்பில் பயன் சொல்பவரையே மடக்கிக் கேள்வி கேட்கக் கிழவர்மார் காத்திருந்த யாழ்ப்பாணக் குடாநாடு இது. பிரமாணம் இல்லாமல் இங்கே ஒருவர் முருங்கைக்காய்க்கும் விலை சொல்ல முடியாது. ஆகவே, தூரதேசத்தில் இருந்து ஒருவர் ரெக்கன் என்ற சண்டை விளையாட்டுக்கு 10க்கு எட்டரை என்று எழுதிவிட்டுப் போனால், கேம் சென்ரரில் இருக்கும் பொடியன் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறான்: "உவர் உதை விளையாடிப் பாத்தவரோ, சும்மா படம் பாத்திட்டு எழுதினவரோ?" இக்கேள்வியை முறைப்படி ஆராய்ந்தவர் எவரும் எம் கண்ணிற் படாமையால் இக்கட்டுரை எழுந்தது.

முறை பற்றிச் சிறிது. அறிவுக்கு வாயில்களாகச் சைவசித்தாந்தம் கொள்வன மூன்று: காட்சி, கருதல், உரை. இவற்றை விரித்துரைப்பது 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞானசித்தியார். அவர் காலத்தில் பிளேஸ்ரேசன் இல்லை என்பது தடையாகாது. அளவை எல்லாப் பொருளுக்கும் பொது.

முதலில் உரை. மதிப்புரையாளருக்கு விளையாட்டோடு நிறுவனத்தின் விளக்கக் குறிப்பும் வந்து சேர்வதுண்டு. அதில் புதிய பாத்திரங்கள், புதிய மேடைகள், புதிய முறைகள் எல்லாம் இருக்கும். மதிப்புரையின் இரண்டாம் பந்தியில் இவை அதே வரிசையில் மீண்டும் தோன்றுவது தற்செயல் என்றே கொள்வோம். அடுத்தது கருதல்: முன்னைய பாகம் நன்று, ஆதலால் இதுவும் நன்று. புகை போன வருடத்தது, நெருப்பு இந்த வருடத்தது. நியாயம் படித்தவர்கள் தலையைச் சொறிவார்கள்.

காட்சியில்தான் விஷயம் இருக்கிறது. சித்தியார் அதனை நான்காகப் பகுக்கும். கண் முதலிய பொறிகளால் அறிவது இந்திரியக் காட்சி. 1999இல் டிரீம்காஸ்ற் கருவிக்கு வந்த சோல்கலிபர் என்ற வாட்சண்டை விளையாட்டுக்கு, ஜப்பானின் பமிற்சு சஞ்சிகையில் நான்கு பேர் ஆளுக்குப் பத்தாக 40க்கு 40 கொடுத்தார்கள். அந்த விளையாட்டு அதற்குத் தகும் என்பதில் எமக்கு வழக்கில்லை. வாள் மின்னுவதும் உடை அசைவதும் எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் இவ்வகை விளையாட்டில் ஒரு விநாடி 60 கட்டங்களாகப் பிரிகிறது. உதையைத் தடுத்தபின் உன் கை முந்துமா எதிராளியின் கை முந்துமா என்பது அவற்றில் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் தீர்ந்துவிடும். அதைக் கண் காணாது. தோற்றவனுடைய வயிறு காணும். இன்ப துன்பத்தை உயிர் தானே நுகர்ந்து அறியும் இவ்வறிவுக்குச் சித்தியார் வைத்த பெயர் தன்வேதனைக் காட்சி. புள்ளியிடுவோரிடம் பெரும்பாலும் இல்லாதது இதுவே.

கள ஆதாரம் வேண்டுவோருக்கு: மணிக்கணக்குக் காசைப் பங்குபோட்டுக்கொண்டு கேம் சென்ரருக்கு வரும் பொடியளிடம் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. தோத்தவன் எழும்போணும். இச்சட்டத்தின் கீழ் ஒரு மதிப்புரையாளரை இருத்தினால், நாற்காலி சூடாகுமுன் அவர் எழும்பிவிடுவார். வீட்டில் கணினியை எதிராளியாக வைத்து, அதன் தரத்தையும் 'ஈசி'யில் போட்டு, வென்று முடித்து எழுதுவதே அவருக்குள்ள வழி. இன்னொன்று எடி கோர்டோ வழி. 1997இல் ரெக்கன் 3உடன் வந்த இந்தக் கப்போய்ராச் சண்டைக்காரனைத் தெரிவுசெய்து கண்ணை மூடிப் பட்டன்களை அமத்தினாலே போதும். கால்கள் தாமாகச் சுழன்று அடிக்கும். எடியால் வென்றவர் வெற்றியை அறிவார், விளையாட்டை அறியார். பழைய பொடியள் இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை.

இனிப் பூர்வபட்சம். "விளையாட்டு வெளிவருமுன் எழுதுகிறவருக்கு எதிராளி எங்கே?" நியாயமான வாதம். இணையத்தில் அப்போது ஆளே இல்லை. இருப்பவரும் இன்னொரு மதிப்புரையாளர். குருடருக்குக் குருடர் குத்துச்சண்டை. "மேலும், வாசிப்பவர்களில் எத்தனை பேர் போட்டிக்குப் போகிறார்கள்?" இதையும் ஒப்புகிறோம். 2016 பெப்ரவரியில் ஸ்ரீற் பைற்றர் 5 வந்தபோது, தனி ஆள் விளையாடும் பழைய ஆர்க்கேட் முறை அதில் இல்லை. புள்ளியிடுவோர் குறை சொன்னார்கள். போட்டிக்காரர் பலருக்கு அது குறையாகவே படவில்லை. அவர்களுக்கு வேண்டியது எதிரே ஓர் ஆள். 2018 ஜனவரியில், அதை வெளியிட்ட கப்கொம் நிறுவனம் அம்முறையைச் சேர்த்தது. தம்பியோ தங்கையோ இல்லாத வீட்டுக்கு, புள்ளியிட்டவர் சொன்னதே சரி.

செய்தவர்களுக்காவது தெரியுமா என்றால், அதுவும் ஐயக் காட்சி. அடிமேல் அடியாக எதிராளி தப்ப இயலாதபடி தொடுக்கும் 'கொம்போ' இல்லாமல் இன்று சண்டை விளையாட்டே இல்லை. 1991இல் ஸ்ரீற் பைற்றர் 2 உருவானபோது அது எவரும் திட்டமிட்டதன்று. காரை உடைக்கும் இடைமேடையைச் சோதிக்கையில் தயாரிப்பாளர் பூனமிற்சு கண்ட வழு அது. பெரிதாகப் பயன்படாது என்று விட்டுவைத்தார்கள். (அவ்வருடம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம். எனவே இவ்வழுவில் யாழ்ப்பாணத்துக்குப் பங்கில்லை என்பதை இங்கே பதிகிறோம்.)

ஆகவே விளையாட்டின் பொருள் வெளியான பிறகுதான் விளைகிறது. ஸ்ரீற் பைற்றர் 3இன் மூன்றாம் பதிப்பு வந்தது 1999இல். 2004இல் கலிபோர்னியாவில் நடந்த எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில், டைகோ உமேஹரா உயிர்க்கோடு மயிரிழையாக நிற்க, ஜஸ்ரின் வொங்கின் சுன்லி தொடுத்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்தார். சாதாரணமாகத் தடுத்திருந்தாலும் செத்திருப்பார். (அந்தப் போட்டியின் கிண்ணம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவோர் பலர்.) ஐந்து வருடம் பிந்தி விளைந்த இதற்கு 1999இல் எத்தனை புள்ளி? லாகூர் ஆர்க்கேட்டுகளில் வளர்ந்த அர்சலான் ஆஷ் 2019இல் எவோ ஜப்பானையும் எவோவையும் வென்றபோது, ரெக்கன் 7 வீட்டுக் கருவிகளுக்கு வந்து இரண்டு வருடம். அதன் மதிப்புரைகளில் லாகூரைத் தேடுவது வீண்வேலை.

தன்வேதனை இல்லாமல் விளங்காது என்பதற்கு மாறாக ஒரு பண்டிதர் எம்மிடம் வடக்கின் பெருஞ்சமரைக் காட்டக்கூடும். 1904இல் தொடங்கிய யாழ். மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் துடுப்பாட்டத்தில், மைதான ஓரத்தில் நிற்கும் பழைய மாணவர் துடுப்பைத் தொட்டுப் பல காலம். இருந்தும், "கால் போகேல்லையடா!" என்று அவர் கத்தும்போது கால் போகவில்லைத்தான். தன்வேதனை இல்லாமல் அவருக்கு எப்படி விளங்கியது? விடை எளிது: அவர் பள்ளிக்கூடக் காலத்தில் பூச்சியத்துக்கு அவுட்டானவர். அந்த வேதனை ஆயுளுக்கும் போதும். போதாக்குறைக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் வந்து நிற்கிறார். மதிப்புரையாளர் அடுத்த கிழமை கார்ப்பந்தய விளையாட்டுக்குப் போய்விடுகிறார்.

துணிபு வருமாறு. புள்ளியை ஒழிக்க வேண்டியதில்லை. அதன் கீழே, எழுதியவர் எத்தனை மனிதரிடம் தோற்றார், எந்த ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாங்கினார், அதற்குப் பரிகாரம் கண்டாரா என்ற மூன்று விவரங்களையும் அச்சிட வேண்டும். ஒருவரிடமும் தோற்கவில்லை என்று எழுதுபவரின் மதிப்புரை, ஒன்றைப் பிறிதொன்றாகக் காணும் திரிவுக் காட்சி எனத் தள்ளப்படும். இம்முடிவை மறுப்பவர்கள் காரணங்களை எழுத்தில் அனுப்ப வேண்டாம். நேரே வந்து இருக்கலாம், எடியை எடுக்காமல்.