மாமனாருக்குப் பட்டா மாறுதல்

எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பேர். இந்த நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு டொமைன் கன்ட்ரோலர் இருக்கிறது. புதுக்கோட்டையில் நூறு பேர் வேலை பார்க்கிற இடங்களே அது இல்லாமல் நிம்மதியாக நடக்கின்றன என்பது என் மனைவியின் கட்சி. யார் எந்தக் கணினியில் நுழையலாம், யாருடைய கோப்பை யார் திறக்கலாம் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கலாம் என்று விளக்கிப் பார்த்தேன்.

"அதை இப்பவும் ஒரே இடத்துல உக்காந்து நான்தானே தீர்மானிக்கிறேன்?" என்றாள்.

திருக்கோகர்ணத்தில், அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. காட்சிப் பொருள்களில் பாதி அங்கே இருக்கிறது, மீதி என் அறையில். அந்த மீதியில் முக்கியமானவை லினக்ஸ் ஓடும் இரண்டு பழைய கணினிகள். ஒன்று மேற்படி டொமைன் கன்ட்ரோலர். இன்னொன்று வீட்டின் புகைப்படம், வீடியோ, மனைவியின் டியூஷன் வினாத்தாள் எல்லாம் இருக்கும் ஃபைல் சர்வர்.

ஃபைல் சர்வர் அறந்தாங்கியிலிருந்து வந்தது. என் மாமனார் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனு டைப் அடிக்க ஒரு கணினி வாங்கினார், பிறகு கையில் ஸ்மார்ட்போன் வந்ததும் "மாப்ளைக்கு ஆகும்" என்று கொடுத்துவிட்டார். அதற்கு லினக்ஸ் ஏற்றியபோது ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'மாமனார்' என்று வைத்தேன். ஆங்கில எழுத்தில்தான், ஆனால் படித்தால் தெரியும். காரணங்கள் நான்கு. எழுந்திருக்க நேரமாகும். எழுந்துவிட்டால் ஓயாமல் சத்தம் வரும். கேட்காமலே அறிவுரை சொல்லும். நாமாக நிறுத்த முடியாது. ஐந்தாவதாக, வீட்டில் மதிப்புள்ளதெல்லாம் அதனிடம்தான் பத்திரமாக இருந்தது. முதல் நான்கைத்தான் நண்பர்களிடம் சொல்வேன்.

போன பொங்கலுக்கு மாமனார் வருவதாகப் போன் வந்தது. திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாண வீடியோவை டிவியில் போட்டு எல்லோரும் பார்ப்பதாகத் திட்டம். மடிக்கணினியை டிவியில் இணைத்து நெட்வொர்க்கைத் திறந்தால், நாற்பத்து மூன்று அங்குலத் திரையில் முதலில் வருவது அந்தப் பெயர்தான்.

"போகிக்குள்ள அந்தப் பேரை எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

லினக்ஸில் பெயர் மாற்றுவது ஒரு வரி வேலை. ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்று தொடங்கிப் புதுப் பெயரைக் கொடுத்து எண்டர் தட்டினால் முடிந்தது. எனக்கு அரைநாள் ஆனது, பெயர் தேடுவதற்கு. நம் மாவட்டப் பெருமை தெரிய வேண்டும் என்று முதலில் நார்த்தாமலையின் விஜயாலய சோழீஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் விண்டோஸ் உலகத்துக்கென்று ஒரு பழைய விதி உண்டு. கணினியின் பெயர் பதினைந்து எழுத்துக்குள் அடங்க வேண்டும். மீறினால் சர்வரே பதினைந்தாவது எழுத்தோடு வெட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் எண்ணிப் பார்த்தேன். வெட்டுப்பட்டு நின்றது 'விஜயாலய சோலே'. பஞ்சாபிக்காரர் பட்டூராவோடு தின்பதைச் சோழர் பெயரோடு சேர்த்த பாவம் எனக்கு வேண்டாம். பதிமூன்று எழுத்தில் அடங்கும் 'சித்தன்னவாசல்' என்று முடிவு செய்தேன்.

பெயர் மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது என்றும் தோன்றியது. சென்னை மாகாணம் 'தமிழ்நாடு' ஆனது 1969 ஜனவரி 14. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14. அந்த வரிசையில் நானும் சேர்ந்துகொண்டேன். பழையன கழித்து, புதியன புகுத்தி, ரீஸ்டார்ட் கொடுத்து, கை கழுவிவிட்டு, வடை சாப்பிடப் போனேன்.

வடை ஆறுவதற்குள் பையன் வந்தான். "அப்பா, உள்ளே விட மாட்டேங்குது."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். டொமைனில் சேர்ந்த வீட்டில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, கணினிகளுக்கும் தனித்தனியாகக் கணக்கு உண்டு. டொமைன் கன்ட்ரோலரின் பேரேட்டில் கணினியின் பெயர் இருக்கும், அதன் கடைசியில் ஒரு டாலர் குறி இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கணினி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். இதை மனைவியிடம் சொன்னபோது, "ஓட்டை கம்ப்யூட்டருக்குக்கூட டாலர்ல கணக்கு இருக்கு. நமக்கு மினிமம் பேலன்ஸ் இல்ல" என்றாள். அந்தக் கடவுச்சொல் மனிதக் கண்ணுக்குத் தெரியாத நீளமான சரம். எங்கள் சர்வர் அதை ஏழு நாளைக்கு ஒரு முறை தானாகவே மாற்றிக்கொள்ளும். நான் கல்யாணமான நாளிலிருந்து மனைவி பெயரோடு கல்யாண வருடத்தைச் சேர்த்து ஒரே கடவுச்சொல்லில் காலம் தள்ளுகிறேன்.

லினக்ஸையும் விண்டோஸையும் பேச வைக்கும் மென்பொருளின் பெயர் சாம்பா. பொங்கல் சமயத்தில் இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் நெல் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 வாக்கில் எழுதத் தொடங்கியது. முதலில் வைத்த பெயர் வேறொருவருடைய வணிகப் பெயராக இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. பழைய பெயரிலிருந்த எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற சொல்லை அகராதிக் கோப்பில் தேடிச் சாம்பாவைப் பிடித்தார். ஆக, பெயர் மாற்றிப் பிழைத்த மென்பொருள் அது. என் சர்வர் பெயர் மாற்றியதை அது பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டிருக்கலாம்.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய் அது. அமெரிக்காவில் எம்ஐடி 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த அடையாளச் சோதனை முறைக்கு அந்த நாயின் பெயரை வைத்தார்கள். நம் பக்கம் பிறந்திருந்தால் ஐயனார் என்று வைத்து, குளமங்கலத்துக் கோயில் குதிரையைப் போல ஒன்றை வாசலில் நிறுத்தியிருப்போம்.

அது வேலை செய்யும் விதம் ரேஷன் கடைப் பொங்கல் பரிசு டோக்கன் மாதிரிதான். மடிக்கணினி நேராக ஃபைல் சர்வரிடம் போகாது. முதலில் டொமைன் கன்ட்ரோலரிடம் போய், "இன்ன கடைக்கு ஒரு டோக்கன்" என்று கேட்கும். டோக்கனை அந்தக் கடைக்காரரின் சாவியால் மட்டுமே பிரித்துப் பார்க்க முடியும். இப்போது மடிக்கணினி 'சித்தன்னவாசல்' கடைக்கு டோக்கன் கேட்கிறது. அப்படி ஒரு கடையே பட்டியலில் இல்லை என்று பதில் வருகிறது. சரி, கடைக்காரரே நேரில் போகிறார். கடவுச்சொல் சரியாகத்தான் சொல்கிறார், பெயரை மட்டும் சித்தன்னவாசல் என்கிறார். "அப்படி யாரும் இல்லை" என்று அவரையும் வாசலோடு அனுப்பிவிடுகிறது. பழைய பெயரில் கதவைத் தட்டியும் பயனில்லை. வந்திருப்பது யார் என்று விசாரித்துச் சொல்ல, டொமைன் கன்ட்ரோலர் முன்னால் போய் நிற்க இவருக்கே முகமில்லை.

இதையெல்லாம் இப்போது கோவையாகச் சொல்கிறேன். அன்றைக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்: அணைத்துப் போட்டேன். மூன்று முறை. பிறகு பையனின் கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு அவனைத் திட்டினேன். இரண்டுக்கும் சர்வர் அசரவில்லை. டெஸ்ட்ஜாயின் என்று ஒரு கட்டளை இருக்கிறது, டொமைனோடு உறவு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லும். இல்லை என்றது. எங்கள் வீட்டில் ஒரே வார்த்தையில் உண்மையைச் சொல்லும் ஒரே ஜீவன்.

அப்புறம் நேரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கெர்பரோஸுக்கு நேரம் முக்கியம். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின் இருந்தால் பேச்சுவார்த்தையே கிடையாது. பழைய டோக்கனைத் திருடி வைத்துக்கொண்டு பிறகு யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஹால் கடிகாரம் பத்து நிமிடம் வேகம், பள்ளிக்கூடம் போகிறவர்களுக்காக. அடுப்படிக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம், எனக்காக. என் கைக்கடிகாரம் யாருக்காகவும் ஓடுவதில்லை. கெர்பரோஸ் மனிதர்களுக்கும் பொருந்துமானால் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. பார்த்தால், சர்வரின் உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போய், அணைத்துப் போட்டதில் கடிகாரம் எங்கேயோ போயிருந்தது. கீழ ராஜ வீதிக்குப் போய் பேட்டரி வாங்கிப் போட்டு, நேரத்தைச் சரிசெய்தேன். பிழைச் செய்தி மறையவில்லை, வேறொரு பிழைச் செய்தியாக மாறியது. இந்தத் தொழிலில் இதற்குப் பெயர் முன்னேற்றம்.

அந்த முன்னேற்றத்தின் உச்சத்தில் மாமனார் வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறந்தாங்கிக்காரர். வீட்டை விட்டு ஓரடி நகராமல் மாவட்டம் மாறியவர். அறந்தாங்கிப் பக்கம் 1974 வரை தஞ்சாவூர் மாவட்டம். அவருடைய பள்ளிச் சான்றிதழில் தஞ்சாவூர் ஜில்லா, ஓய்வூதியப் புத்தகத்தில் புதுக்கோட்டை. "நான் எங்கயும் போகல மாப்ள, ஜில்லாதான் என்னையத் தாண்டிப் போச்சு" என்பார். ஆள் ஒன்று, காகிதம் இரண்டு என்ற நிலையில் பிறந்தவர். போதாததற்கு, அந்த நிலையில் இருந்த பிறருக்குத் தாலுகா ஆபீசில் பரிகாரம் செய்தே ஓய்வு பெற்றவர்.

காபித் தம்ளரோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மாப்ள, வந்ததுலேருந்து இதுலயே உக்காந்துருக்கீக?"

"சர்வர் பேரை மாத்துனேன் மாமா. இப்ப அது யாருன்னே டொமைனுக்குத் தெரியல."

"எங்க மாத்துனீக?"

"சர்வர்லதான்."

"அந்தப் பக்கம் ரிஜிஸ்தர்ல?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்ளர் கீழே வைக்கப்பட்டது. பணியில் சேர்ந்துவிட்டார்.

"நெலத்தைக் கிரயம் வாங்கிப் பத்திரம் பதிஞ்சுட்டு, ஆச்சுன்னு வீட்டுக்குப் போயிருவாக. பத்து வருசம் கழிச்சு லோனுக்குப் போவாக. பட்டா பழைய ஆளு பேருல இருக்கும். கையில பத்திரம் இருக்கும், நெலமும் இவுகளுதுதான், ஆனா சிட்டாவ எடுத்தா வேற ஆளு. உங்க கேசு அதேதான். வாசல்ல போர்டை மாத்திட்டீக. பட்டா மாறுதலுக்கு மனுவே போடல."

நான்கு மணி நேரம் நான் தேடியதை ஒரு தம்ளர் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "அப்படியே இருக்காது மாமா, இதுல சாவிக் கோப்புன்னு ஒண்ணு இருக்கு" என்று கீடேப் கோப்பைத் திறந்து காட்டினேன். சர்வர் தன் சாவிகளை எந்தெந்தப் பெயரில் வைத்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும் பட்டியல் அது. பந்தாவாகத்தான் திறந்தேன். திரையில் பத்துப் பன்னிரண்டு வரி ஓடி நின்றது. இடது ஓரத்தில் ஓர் எண். பக்கத்தில் 'ஹோஸ்ட்', ஒரு சாய்கோடு, அதற்கப்புறம் ஒரு பெயர். எல்லா வரியிலும் அதே பெயர்.

மாமனார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வரி, அடுத்த வரி. பதிவேட்டைச் சரிபார்க்கிறவருக்கே உரிய பொறுமை.

"இதென்ன மாப்ள, வரிக்கு வரி மாமனார்ங்குது?"

மின்விசிறி ஓடியது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"நீங்க குடுத்த கம்ப்யூட்டருல்ல மாமா. ஒரு மரியாதைக்கு உங்க பேரை…"

அவர் தலையை ஆட்டினார். திருப்திதான் என்று நினைத்தேன். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் மனு வாங்கியவர் அவ்வளவு சுலபத்தில் விடுவாரா?

"மரியாதைன்னா, நான் வர்ற அன்னிக்கு எதுக்கு மாத்துனீக?"

இதற்கு லாக் கோப்பில் பதில் இல்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தேன், அங்கிருந்தும் ஆதரவுத் தீர்மானம் எதுவும் வரவில்லை.

மிச்ச வேலை அவர் மேற்பார்வையில் நடந்தது. முறைப்படி பெயர் மாற்றுவதற்கு முன்னால் பழைய பெயரிலேயே டொமைனிலிருந்து விடுப்பு வாங்கியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டதால், டொமைன் கன்ட்ரோலருக்குப் போய் 'மாமனார்' கணக்கை நானே அழிக்க வேண்டியிருந்தது. "நிச்சயமாக நீக்கவா?" என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் ஆமாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்காது. பழைய சாவிக் கோப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, புதுப் பெயரில் ஜாயின் கொடுத்தேன். புதுக் கணக்கு, புதுக் கடவுச்சொல், புதுச் சாவிகள். டிஎன்எஸ்ஸில் பழைய பெயரை எடுத்துப் புதியதைச் சேர்த்தேன். மடிக்கணினிகள் கையில் வைத்திருந்த பழைய டோக்கன்களைத் தூக்கிப்போட்டு, எல்லோரையும் ஒரு முறை வெளியே போய் உள்ளே வரச் சொன்னேன். டெஸ்ட்ஜாயின் இந்த முறை, உறவு சரியாக இருக்கிறது என்றது. மொத்தம் பத்து நிமிடம்.

"ஆச்சா?" என்றார் மாமனார்.

"ஆச்சு மாமா."

"பழைய பேரைத் தெரிஞ்ச ஆளுக தேடி வந்தா?"

அதற்கும் ஒரு வழி உண்டு. டிஎன்எஸ்ஸில் ஓர் அலையஸ் போட்டு, கணினிக் கணக்கில் அந்தப் பெயரையும் சேர்த்தால், பழைய பெயரில் வருகிறவர்களும் அதே வாசலுக்கு வந்து சேர்வார்கள். சொன்னேன்.

"போடுங்க" என்றார்.

போட்டேன். இரவு அறுபதாம் கல்யாண வீடியோ டிவியில் ஓடியது. போட்டது பேத்தி. எந்தப் பெயரைத் தட்டித் திறந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மாமனார் பார்த்தார்.