சித்திரையில் தொடங்கும் மழைக்காலம்

வல்லக்கோட்டையில் எங்கள் வீட்டில் ஐப்பசி மழைக்கான வேலை சித்திரை வெயிலிலேயே தொடங்கிவிடும். புதுப்புளியைக் கொட்டை எடுத்துக் கல்லுப்பு தூவிப் பானையில் அடைப்பார்கள். கொத்தவரையும் சுண்டைக்காயும் மாடியில் வற்றலாகும். ஆடிக்குள் விறகும் வறட்டியும் பரண் ஏறிவிடும். குதிரில் நெல், கொல்லையில் கிணறு, மாடத்தில் அரிக்கேன் விளக்கு. 1985 நவம்பர் மழையில் வெளியே போக வழியில்லாமல் போனபோது பாட்டி பதறவேயில்லை. "உலையை வைடி" என்றாள் அம்மாவிடம், அவ்வளவுதான்.

பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அந்த வளர்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். குதிர் இருந்த இடத்தில் வாடகை அறைகள் எழும்பின. கிணற்றை மூடினோம். போர் மோட்டார், கேன் தண்ணீர், கேஸ் அடுப்பு.

2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போக முடியாமல் மறுநாள் 'தி இந்து' நாளிதழே அச்சாகவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனதும் மோட்டார் நின்றது. கேன் வண்டி வரவில்லை, போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் வெள்ளம், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

என்னை உலுக்கியது வாடகை அறைப் பையன்களின் நிலைமைதான். திருவண்ணாமலை, ஒடிசா, பீகார் பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு கம்பெனி கேன்டீனில். ஷிப்டு நின்றால் சோறும் நின்றது. அறையில் அடுப்பில்லை, அரிசியில்லை. தெருவில் காய்ந்த விறகு இருந்தது பக்கத்து வீட்டு ஆயாவிடம் மட்டும். கூரையில் விழுந்த மழையை அண்டாவில் பிடித்து, காய்ச்சி, அதிலேயே கஞ்சி வைத்தார். "முதல்ல குடிங்கடா, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்று ஊறுகாயோடு ஊற்றினார். தமிழ் தெரியாத பிள்ளைகளும் உடனே உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது என் வீட்டில் மூடி போட்ட வாளி ஒன்று தயாராக இருக்கிறது. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச், பேட்டரி ரேடியோ, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டும் பத்திரமும், சில்லறை நோட்டு. சிக்னல் இல்லாத ஊரில் ஜிபே வேலை செய்யாது. 1070, 1077 என்ற உதவி எண்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் நாலு பேர் படுக்கும் அறையில் வாளிக்கு ஏது இடம்? வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம். அவர்கள் யாரும் சித்திரையில் புளி அடைக்கப்போவதில்லை. இப்படித் தங்குபவர்களுக்கான பத்து நாள் அரிசியையும் தண்ணீரையும் கம்பெனிகளும் ஊராட்சிகளும்தான் மழைக்கு முன்பே இருப்பு வைக்க வேண்டும். வாடகை வாங்கும் எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தெருமுனையில் துருவேறி நிற்கும் கைப்பம்பைச் சரிசெய்யச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். ஒடிசாப் பையன்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆடிக்குள் அதில் தண்ணீர் வர வேண்டும்.