வைரம் பாயட்டும், பேராண்டி!

அந்தத் தேக்குக் கம்பெனியில பணம் போடு பேராண்டி, தாராளமாப் போடு. தி.நகர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு செல்போன்ல தேக்கு வளக்குற முதல் ஆளு நம்ம வம்சத்துல நீதான். மன்னார்குடி வரப்புல நான் வச்ச தேக்கை ஆடு கடிக்காம முப்பது வருஷமா காவல் காக்குறேன். உன் மரத்துக்கு ஆடும் இல்ல, வரப்பும் இல்ல. கொடுத்து வச்சவன்!

காட்டைக் காப்பாத்தத் தோட்டத்துல மரம் வளக்கணும்னு அந்தக் கம்பெனி விளம்பரத்துல போட்டிருக்கான். அது வாஸ்தவம். கப்பல் கட்டக் கட்ட மலபார்க் காட்டுத் தேக்கு தீந்துபோச்சு. அதனாலதான் 1840-கள்லயே கனோலி துரை நிலம்பூர்ல தேக்குத் தோட்டம் போட்டார். முன்னால நின்னு நட்டு வளத்தவர் சாத்து மேனன். பிற்பாடு அதே நிலம்பூர்க் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கம் காட்டை மொட்டையடிக்கிறாங்கன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அனுமதியான திட்டம் இல்லாம காட்டு மரத்துல கோடாலி படக்கூடாதுன்னு 1996 டிசம்பர் 12-ல உத்தரவு வந்துச்சு. 2014-ல பர்மாக்காரனும் அறுக்காத தேக்கு மரத்தை வெளியில விடமாட்டேன்னுட்டான். மயிலாப்பூர்ல பழைய வீடு இடிச்சா, நிலைக்கதவுக்கு ஏன் போட்டி போடுறாங்கன்னு இப்பப் புரியுதா?

ஆக, மரத்து மேல குத்தமில்ல. ஆனா தேக்குக்கு வட்டிக் கணக்கு தெரியாதுடா. நிலம்பூர்ல வெட்டுறதுக்கே அம்பது, அறுபது வருஷம் காத்திருப்பாங்க. உன் கம்பெனிக்காரன் இருபதே வருஷத்துல தர்றானாம். வைரம் முழுசாப் பாயாத கட்டையை வச்சு நீ கதவா செய்யப்போற? கரையான் வந்து மொய் எழுதிட்டுப் போகும்.

மந்தவெளியில இருந்தாரே, உன் பாட்டியோட தம்பி, அவரும் 1996-ல இப்படித்தான் ஒரு கம்பெனியில மரம் வாங்கினார். பேரு வேணாம், விடு. பத்திரத்துல மரத்தோட நம்பர் இருந்துச்சு. மரம் எங்க இருந்துச்சுன்னு கம்பெனிக்கே தெரியல. அப்ப ஊர்பூரா அந்தக் காய்ச்சல்தான். சென்னையில அனுபவ்னு ஒரு தேக்குக் கம்பெனி, 1998-ல கவுந்துச்சு. பேருக்கேத்தபடி, போட்டவங்களுக்கு மிஞ்சினதும் அதுதான். அப்புறம்தான் 1999-ல செபி இந்த மாதிரி கூட்டு முதலீட்டுக்கு விதிமுறை கொண்டாந்தது.

உன் பாட்டி தம்பியோட மரத்தை வெட்டுறதா கம்பெனி சொன்ன வருஷம் 2016. டிசம்பர் 12-ல வர்தா புயல் அடிச்சு, அவர் வாசல்ல நின்ன மயில்கொன்றை சாஞ்சுது. கார்ப்பரேஷன் ஆளுங்க அறுத்து ஏத்துறப்ப, நான் பக்கத்துல நின்னு, "மாப்ளே, சொன்ன வருஷத்துல கரெக்டா வெட்டிட்டாங்க பாத்தியா"ன்னேன். ஒரு வாரம் என்கூடப் பேசல.

நீ போடு. போடுறதுக்கு முன்னால மூணே கேள்வி கேளு. செபி பதிவு எங்கேன்னு கேளு. சர்வே நம்பரை வாங்கி, ஒரு நாள் பஸ் ஏறிப் போயி மரத்தைத் தொட்டுப் பாரு. மூணாவதுதான் முக்கியம். ஆறுக்கு ஆறடி இடைவெளியில நட்டா ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல கன்னு நிக்கும். வளர வளரக் கழிச்சுக்கிட்டே வந்து, கடைசியில நூறுக்குள்ள நின்னாத்தான் ஒவ்வொண்ணும் பெருமரம். ஆயிரத்தையும் பெருமரம்னு வித்திருந்தா, உன்னோடது நிக்கிற மரமா, கழிச்ச மரமா?

இதுக்கெல்லாம் பொறுமை இல்லையா? மூணு நாலு வருஷத்துல காகித ஆலைக்குப் போற சவுக்கு இருக்கு, ஏழெட்டு வருஷத்துல பிளைவுட்டுக்குப் போற மலைவேம்பு இருக்கு. நம்ம கொல்லை சும்மாதான் கிடக்கு. ஆனா நீயே வந்து குழி வெட்டணும். அதுக்குச் செல்போன்ல பட்டன் இல்ல.

இல்ல, தேக்குதான்னு நிக்கிறியா? சரி, என் பேருலயும் ரெண்டு மரம் எழுதிடு. வயசு எம்பத்திரண்டுதான் ஆகுது. அறுவடைக்கு நேர்லயே வந்துடுறேன்.