கொப்பரைக்கு ஏன் தடை?

கேள்வி: அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய கொப்பரையை விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள். தேங்காயில் என்ன ஆபத்து?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மாவின் அன்பில் ஆபத்தில்லை, எண்ணெயில்தான்! கொப்பரையில் பாதிக்கு மேல் எண்ணெய். அடைத்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமான விதிகள் அதை வகைப்படுத்துகின்றன. தீ ஆபத்து என்றதும் இன்னொன்று: பவர் பேங்க்கைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான். சரக்கறையில் புகைந்தால் யார் பார்ப்பது? கண்ணெதிரே புகைந்தால் உடனே அணைக்கலாம். சோதனையில் அதைத் தனியாகத் தட்டில் வையுங்கள், வரிசை நகரும். பெட்டியை அனுப்பும் முன் முக்கியமாக, அதிலுள்ள பழைய பயண ஒட்டுச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். பழைய பார்கோடை இயந்திரம் படித்தால் நீங்கள் துபாயில், புடவைகள் டெல்லியில்! பெட்டிக்கு உள்ளேயும் பெயர், போன் எண் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும். கைப்பிடியில் கட்டிய அட்டை அறுந்துபோவது சகஜம்.