கிளட்சை மெதுவாக விடாதீர்கள்

கார் ஓட்டத் தெரிந்த ஒருவரும் தெரியாத ஒருவரும் ஒரே வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தால், தெரிந்தவர் வாயிலிருந்து வரும் முதல் உபதேசம் கன்னியாகுமரியிலிருந்து திருத்தணி வரை ஒன்றுதான்: "கிளட்சை மெதுவா விடு." ஆளுக்கேற்ப "விடுப்பா", "விடும்மா", "விடுங்க சார்" என்று வால் மட்டும் மாறும். விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆகும். உடனே அதே உபதேசம் கொஞ்சம் உரக்க வரும். அடுத்த துள்ளலுக்கு இன்னும் உரக்க. பலன் தராத மருந்தையே அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கும் இந்த வைத்தியத்தை யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் கேட்க வேண்டிய அவசியமில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் கேட்கும் திராணியில்லை. அதனால் நான் கேட்கிறேன். உபதேசமே தப்பு என்பது என் கட்சி. வண்டி அலுங்காமல் குலுங்காமல் கிளம்புவதற்கும் காலை மெதுவாக எடுப்பதற்கும் பெரிய உறவு கிடையாது. கிளட்ச் பிடிக்கும் இடத்தில் காலை ஒரு கணம் நிறுத்தி வைப்பதுதான் முழு வித்தை. எந்த வேகத்தில் வந்தீர்கள் என்று கிளட்ச் கேட்பதில்லை. எங்கே நின்றீர்கள் என்று மட்டும் பார்க்கிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. வண்டி சும்மா நிற்கும்போதே அது நிமிடத்துக்கு 850 சுற்று வாக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ரொம்பக் கீழே இழுத்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். சக்கரமோ சும்மா நிற்கும்போது நிஜமாகவே சும்மா நிற்கும். சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் ஒரே நொடியில் பிணைத்தால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். ஆளோடு சேர்த்து 900 கிலோ இருக்கும் காருக்கு எதிராக விட்டுக்கொடுப்பது எப்போதும் எஞ்சின்தான். இந்தச் சண்டையை விலக்கத்தான் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. எஞ்சினின் ஃப்ளைவீலோடு உரசி, வழுக்கி, சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்ற வைக்கிறது. எதுவரை? சிறிய கார்களின் முதல் கியரில் எஞ்சின் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 850-ஐ 15-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 57 சுற்று. ஒரு சுற்றுக்கு 1.75 மீட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டர். பஸ்ஸைப் பிடிக்க விரசாக நடக்கிறவரின் வேகம் அது. அந்த வேகம் வந்துவிட்டால் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு கிளட்சிலிருந்து காலை எப்படி எடுத்தாலும் வண்டிக்குக் கவலையில்லை. புதிதாக ஓட்டுகிறவரின் வியர்வை, அவமானம், பின்னால் நிற்பவரின் ஹாரன், எல்லாமே இந்த 0-க்கும் 6-க்கும் இடையில் நடந்து முடிகிறது.

இப்போது பெடலைப் பார்க்கலாம். தரையோடு அழுத்திய பெடலை விடும்போது அதன் பயணத்தின் முதல் பகுதியில் ஒன்றுமே நடக்காது. கடைசிப் பகுதியிலும் ஒன்றும் நடக்காது. நடுவில் ஒரு சிறிய இடைவெளியில்தான் பிளேட் தொட்டு, உரசி, பிடிக்கிறது. "மெதுவா விடு" என்கிறவர் இந்த மூன்று பகுதிகளையும் ஒரே தராசில் வைக்கிறார். பாவம், கற்றுக்கொள்கிறவர் சொன்னதை அப்படியே செய்கிறார்: ஒன்றும் நடக்காத முதல் பகுதியில் பயபக்தியோடு மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் காலை உயர்த்துகிறார். வண்டி அசையவில்லை. இன்னும் உயர்த்துகிறார். அசையவில்லை. பொறுமை முழுவதும் வீணான இடத்தில் செலவாகிவிடுகிறது. சரியாக அந்த நேரத்தில் பிளேட் தொடுகிறது, வண்டி ஊர ஆரம்பிக்கிறது. "ஆகா, கிளம்பிவிட்டது" என்ற ஆனந்தத்தில் கால் தானாக மேலே வந்துவிடுகிறது. வண்டி ஆஃப். எனவே வண்டி நிற்பது பெரும்பாலும் தோல்வியில் அல்ல, வெற்றி கிடைத்த மறுகணத்தில். அடுத்த முறை, போன தடவை பாதகம் செய்தது வேகம்தான் என்று நம்பி இன்னும் மெதுவாக விடுகிறார். அதே இடத்தில் அதே ஆனந்தம், அதே முடிவு.

வண்டி நிற்காமல் தவளை மாதிரித் தாவித் தாவிப் போவதற்கும் விளக்கம் உண்டு, அதுவும் மெதுவைப் பற்றியது அல்ல. கிளட்ச் சட்டென்று பிடிக்கும்போது வண்டி முன்னால் பாய்கிறது, உள்ளே இருப்பவரின் உடம்பு பின்னால் போகிறது, உடம்போடு ஆக்சிலேட்டரில் இருந்த வலது காலும் பின்னால் வருகிறது. எஞ்சின் தளர்கிறது, வண்டி பின்னிழுக்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கிறது. ஓட்டுநர் வண்டியை ஓட்ட, வண்டி ஓட்டுநரை ஓட்ட, இந்தப் பரஸ்பர உபசாரம் யாராவது ஒருவர் கிளட்சை மிதிக்கும் வரை தொடரும்.

காலின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை. மான்ட்ரியாலில் இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், உடம்பின் எந்தப் பாகத்துக்கு மூளையில் எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வரைபடமே போட்டுக் காட்டினார். விரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் தாராளமான பட்டா. காலுக்குக் கிடைத்தது ஓரத்தில் ஒரு துண்டு நிலம். மோட்டார் சைக்கிளின் கிளட்சை இரண்டு நாளில் வசப்படுத்துகிறவர் காரின் கிளட்சில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே வேலை விரலுக்கு, இங்கே பாதத்துக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கோ வேலை நாக்குக்கு. மூளையில் ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருக்கும் உறுப்பு, செண்டு கணக்கில் இடம் வைத்திருக்கும் உறுப்புக்கு யோசனை சொல்கிறது. யோசனை சரளமாக வருவதிலும், காலுக்கு அது எட்டாமல் போவதிலும் வியப்பில்லை. எல்லோருக்கும் எல்லா வண்டியிலும் சரிவராது என்றாலும், குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கணுக்காலால் பெடலைக் கையாண்டால், தொடையிலிருந்து காலைத் தூக்குவதைவிட நிறுத்துவது எளிது. இந்த ஒரு வரி, மேலே சொன்ன உபதேசத்தைப் பத்து முறை கேட்பதைவிடப் பிரயோசனமானது.

பயிற்சிப் பள்ளிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பள்ளி வண்டியில் பயிற்றுநர் பக்கமும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. பாதுகாப்புக்கு இது அவசியம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கோடு கிளட்சும் சேர்ந்தே அந்தப் பக்கம் இருக்கிறது. எல் போர்டு வண்டி ஒன்று சிக்னலில் பட்டுப்போலக் கிளம்பினால், எந்தக் கால் அதைக் கிளப்பியது என்பது கடவுளுக்கும் பயிற்றுநருக்கும் மட்டுமே தெரியும். கற்றுக்கொள்கிறவர் தன் கால் தேறிவிட்டதாக நம்புகிறார். லைசென்ஸ் வாங்கி, சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்த முதல் நாளில்தான், இத்தனை நாள் இருவராக ஓட்டியது தெரியவருகிறது. போதாததற்குப் பள்ளி வண்டியின் பிளேட் தேய்ந்து, பெடல் மேலே வந்த பிறகுதான் பிடிக்கும்; வீட்டில் நிற்கும் புது வண்டி கீழேயே பிடித்துவிடும். "மெதுவா விடு" என்ற பாடத்தோடு வந்தவருக்கு இது இரண்டு வேறு உலகம். பிடிக்கும் இடத்தைத் தேடி நிறுத்தப் பழகியவருக்கு இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

முதல் ஆட்சேபம் மெக்கானிக் ஷாப்பிலிருந்து வரும்: "ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைத்தால் பிளேட் கருகிவிடும் சார்." பயம் நியாயமானது, கணக்கு வேறு. எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, நின்ற வண்டியை அந்த வேகத்துக்கு இழுத்துவரும்போது, வண்டிக்குக் கிடைக்கும் சக்திக்குச் சமமான அளவு கிளட்சில் சூடாகப் போயே தீரும். இது இயற்பியலின் கமிஷன். பாதிக்குப் பாதி, பேரம் கிடையாது. சட்டென்று விட்டாலும் நிறுத்தி விட்டாலும் தொகை அதே (சாலையின் உராய்வுக்குச் சில்லறை கொஞ்சம் கூடும்). 900 கிலோ வண்டியை 6 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரும் சூடு சுமார் 1,250 ஜூல். ஒரு டம்ளர் காபியின் சூட்டை 2 டிகிரி ஏற்றுவதற்குத்தான் அது காணும். பிளேட்டைக் கருக்குவது வேறொன்று: பயத்தில் ஆக்சிலேட்டரை உறுமவிட்டுக் கிளட்சை விடுவது. எஞ்சின் வேகம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்காகும். நிறுத்தத் தெரியாதவர்கள்தான் வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்று உறுமவிடுகிறார்கள். ஆகவே கருகல் நாற்றத்துக்குப் பொறுப்பு என் கட்சியுடையது அல்ல.

இரண்டாவது ஆட்சேபம் பெரியவர்களுடையது. "நாங்கள் அம்பாசிடரில் கற்றுக்கொண்டவர்கள். ஆக்சிலேட்டர் கொடுக்காமல் வண்டி எப்படிக் கிளம்பும்?" அவர்கள் காலத்துக்கு அவர்கள் சொன்னது சரி, இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். கார்புரேட்டர் வைத்த எஞ்சினுக்குத் தன்மேல் பாரம் ஏறுவது தெரியாது. ஓட்டுகிறவர்தான் முன்கூட்டியே பெட்ரோலைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். காலையில் சோக்கை இழுத்து, குளிர்ந்த எஞ்சினின் மனநிலையைக் காதால் கேட்டுக் கிளம்பிய அந்தத் தலைமுறையின் கால்கள் மதிப்புக்குரியவை. ஆனால் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்புரேட்டர் விடைபெற்றுக்கொண்டது. இப்போது எஞ்சின் தளர்வதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துத் தானே எரிபொருளைக் கூட்டிக்கொள்கிறது. சமதரையில் இன்றைய பெரும்பாலான கார்களை ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் பிடிக்கும் இடத்தில் நிறுத்தியே நகர்த்திவிடலாம். ஒரு காலி மைதானத்தில் வலது காலைச் சும்மா வைத்துக்கொண்டு இடது காலை மட்டும் பழக்குவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது; அதற்கான உபதேசம் மட்டும் இன்னும் தயாரிப்பில் இருக்கிறது.

"சரி, மேட்டில் என்ன செய்வீர்கள்?" என்று மூன்றாவதாக ஒருவர் கேட்பார். அவர்தான் என் முதன்மைச் சாட்சி. சென்னையில் 1973-இல் திறந்த ஜெமினி மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்று நின்று நகரும் ஒரு மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். பின்னால் மாநகரப் பேருந்து. அதற்கும் உங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆட்டோ, முன்சக்கரத்தை மட்டும் நுழைத்துக்கொண்டு. இங்கே எந்தப் பயிற்றுநரும் "மெதுவா விடு" என்று சொல்லமாட்டார். ஹேண்ட்பிரேக்கை இழு, கிளட்சை பிடிக்கும் வரை விட்டு அங்கேயே வை, வண்டியின் மூக்கு லேசாக எழும்புகிறதா பார், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடு, பிறகு ஹேண்ட்பிரேக்கை எடு என்பார். கவனியுங்கள்: "அங்கேயே வை." சமதரையில் மறுக்கும் உண்மையை மேட்டில் ஏறியதும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மேற்படி 1989 விதிகளில் 15-ஆவது விதி, செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்றே கேட்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் தட்டையான மைதானத்தில் தேர்வு கொடுத்துவிட்டு இந்த விதியை முதன்முதலில் மேம்பாலத்தில் சந்திக்கிறார்கள் என்பது தனிக்கதை. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். நகராமல் நின்றபடி, பிரேக்குக்குப் பதிலாக ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பவர் பிளேட்டை உண்மையிலேயே எரிக்கிறார். அவர் விஷயத்தில் மெக்கானிக் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லை.

கடைசியாக, ஆட்டோமேட்டிக் வந்துவிட்ட பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள். இந்தியாவில் 2014-இல் செலேரியோ காரோடு பரவலாகத் தொடங்கிய ஏ.எம்.டி. வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இருப்பது அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச். காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் அதை மிதிக்கிறது, அவ்வளவுதான். அந்த இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிய பொறியாளர்கள் "மெதுவா விடு" என்று எழுதி முடித்துக்கொள்ளவில்லை. பிளேட் தொடும் இடம் வரை விரைவாகப் போ, அங்கே தயங்கி அளந்து பிடி, வேகங்கள் சமமானதும் மிச்சத்தை விட்டுவிடு என்பதுதான் அதற்கான வழிமுறை. பிளேட் தேயத் தேயப் பிடிக்கும் இடம் நகர்வதையும் அது குறித்து வைத்துக்கொள்கிறது. புது பிளேட் மாற்றினால் சர்வீஸ் சென்டரில் ஒரு கருவியை இணைத்து, புதிய இடத்தை அதற்குக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை, யாரும் ஹாரன் அடிப்பதில்லை, சில நிமிடங்களில் பாடம் முடிந்துவிடுகிறது. அதற்கான ஃபீஸ் மட்டும், காரின் படிப்புச் செலவு என்று தலைப்பிடாமல், லேபர் சார்ஜில் சேர்ந்து உரிமையாளருக்கு வருகிறது.