ஆண்ட்ரோமெடாவை அளக்கும் முழக்கோல்

கேள்வி: செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் நின்றால் எதிரே கிருஷ்ணகிரிக் குன்று எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். பக்கத்து கேலக்ஸியை எப்படி அளக்கிறார்கள்? (வாசகர், செஞ்சி)

பதில்: ஏறக்குறைய உங்கள் வழியில்தான்! கிருஷ்ணகிரியில் எரியும் விளக்கின் உண்மையான வெளிச்சம் தெரிந்தால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்தே தூரத்தைக் கணக்கிடலாம். வானத்தில் அந்த விளக்கின் பெயர் செஃபீட் விண்மீன். ஒளி கூடிக் குறைந்து துடிக்கும். துடிப்பு எத்தனை நிதானமோ, அத்தனை பிரகாசம். 1912-இல் இந்த விதியை எழுதிய ஹென்ரியேட்டா லீவிட்டுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவர் தந்த முழக்கோலால் அளந்தால் நம் பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு.

தூரம் கிடைத்தால் அகலமும் மொத்த ஒளியும் கிடைத்துவிடும். எடைக்குத் தராசு, சுழற்சி. ஒரு விளிம்பு நம்மை நோக்கியும் மறு விளிம்பு விலகியும் ஓடும் வேகத்தை, ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலை காட்டிக்கொடுக்கும். புனே அருகே 30 ராட்சத ஆன்டெனாக்கள் இதைக் கேட்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்க, உங்களுக்கு வடமேற்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

நவம்பரில் நிலவில்லாத இரவு, ஊர் விளக்குகளைத் தாண்டி ஒரு வயல் வரப்பில் நின்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். வெண்புகைபோல் ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமெடா!